குளோன் விலங்குகளின் உடல்நலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளோனிங் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அந்த விலங்குக்கு என்ன ஆகும் என்பது ஒன்று. அதன் பாலையும் இறைச்சியையும் உண்பவருக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். ஒரு விடை இன்னொன்றைச் சார்ந்திருப்பதால் எண் போட்டிருக்கிறது.

1. குளோன் என்றால் நகல்தானே? நகல் எடுப்பதில் நோய் எங்கிருந்து வரும்?

நகலாவது மரபணு வரிசை மட்டும்தான். உடலை யாரும் நகல் எடுப்பதில்லை. எந்தக் குளோனும் கருவாகத் தொடங்கி, கருப்பையில் வளர்ந்து, பிறந்துதான் ஆக வேண்டும்.

செய்முறை இதுதான். மூல விலங்கின் தோலில் சிறு துணுக்கு எடுத்து அதன் செல்களை ஆய்வகத்தில் பெருக்குகிறார்கள். ஊட்டத்தைக் குறைத்து, செல்கள் மேலும் பிரியாமல் ஓய்வுநிலைக்குக் கொண்டுவருகிறார்கள். இன்னொரு விலங்கின் கருமுட்டையிலிருந்து குரோமோசோம்களை நுண்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோல் செல்லை வைத்து, மின்துடிப்பு கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குகிறார்கள். வழக்கமாக விந்தணு செய்யும் ‘தட்டி எழுப்பும்’ வேலையை அயனோமைசின் போன்ற ரசாயனம் செய்கிறது. மாட்டில் சுமார் ஏழு நாள் கருவை வளர்த்து வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கிறார்கள்.

கருமுட்டையின் குறுக்களவு சுமார் 0.12 மில்லிமீட்டர். குரோமோசோம்களை உறிஞ்சும்போது முட்டையின் உள்நீர்மமும் கொஞ்சம் சேர்ந்து போகும். குரோமோசோமைக் கண்ணுக்குக் காட்டும் புற ஊதா ஒளி சில வினாடி கூடினாலே முட்டை கெடும். மின்துடிப்பு அதிகமானால் செல் வெடிக்கும், குறைந்தால் ஒட்டாது. ஆனால் இவையெல்லாம் கைவேலைத் தவறுகள். அந்த முதல் வாரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். வெளியே தெரியாமல் கூடவே வரும் பிழை வேறு. அது 4ஆம் கேள்வியில்.

2. டாலி ஆடு சீக்கிரம் செத்துப்போனதே, குளோன் என்பதால்தானே?

இல்லை. டாலி 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. 2003 பிப்ரவரி 14 அன்று, ஆறரை வயதில், கருணைக்கொலை செய்யப்பட்டது. காரணம் நுரையீரல் கட்டி. அதை உண்டாக்கியது ஆடுகளுக்குள் பரவும் ஒரு வைரஸ். அதே மந்தையில் குளோன் அல்லாத ஆடுகளும் அந்த நோய்க்குப் பலியாயின. பாதுகாப்புக்காகக் கொட்டிலுக்குள்ளேயே வைத்திருந்த ஆட்டுக்குத் தொற்று எளிதாகப் பரவும்.

அதன் முழங்கால் மூட்டுவாதத்தைத்தான் பலரும் ‘அகால முதுமை’ என்று சொன்னார்கள். 2016இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கெவின் சின்க்ளேர் குழு 7 முதல் 9 வயதான 13 குளோன் ஆடுகளைச் சோதித்தது. அவற்றில் நான்கு, டாலி உருவான அதே செல் வரிசையிலிருந்து வந்தவை. இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் இயல்பாக இருந்தன. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் அந்த வயதுக்கு உரிய அளவில்தான் இருந்தது. இந்த ஆய்வை ‘குளோனிங்கில் ஆபத்தே இல்லை’ என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தப் 13 ஆடுகளும் பிழைத்தவை. பிழைக்காதவற்றை ஏழு வயதில் சோதிக்க முடியாது.

3. எத்தனை கருவுக்கு ஒரு குட்டி கிடைக்கும்? இப்போதாவது முன்னேற்றம் உண்டா?

டாலிக்கு 277 கருமுட்டைகளில் செல் இணைப்பு வெற்றி பெற்றது. அவற்றில் 29 கருக்கள் மட்டுமே வைக்கத் தகுந்த நிலைக்கு வளர்ந்து, 13 ஆடுகளுக்குள் வைக்கப்பட்டன. பிறந்தது ஒன்று. 2005இல் தென்கொரியாவில் பிறந்த ஸ்னப்பி என்ற நாய்க்கு 1,095 கருக்கள், 123 வாடகைத் தாய் நாய்கள். மூன்று சினை பிடித்தன. ஒன்று கலைந்தது, ஒரு குட்டி 22 நாளில் நிமோனியாவில் இறந்தது, ஸ்னப்பி தங்கியது.

முன்னேற்றம் உண்டு. ஸ்னப்பியின் செல்லிலிருந்து பின்னர் மறுகுளோன் செய்தபோது 94 கருக்களும் 7 தாய் நாய்களும் போதுமாக இருந்தன. நான்கு குட்டிகள் பிறந்து, ஒன்று சில நாளில் வயிற்றுப்போக்கில் இறந்தது. மாட்டில் பொதுவாக வைக்கப்படும் கருக்களில் பத்தில் ஒன்று உயிரோடு பிறந்தால் நல்ல ஆய்வகம் என்பார்கள். ஒரு நிறுவனம் ‘வெற்றி விகிதம்’ என்று எண் சொன்னால், எதில் வகுத்த எண் என்று கேளுங்கள். இணைத்த முட்டையிலா, வைத்த கருவிலா, சினைபிடித்த தாயிலா? கேட்பதைப் பொறுத்து ஒரே வேலைக்கு 1 சதவீதமும் வரும், 50 சதவீதமும் வரும்.

4. டி.என்.ஏ. அப்படியே சரியாக இருக்கும்போது கரு ஏன் கலைகிறது?

இந்தப் பக்கத்தின் மற்ற விடைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. தோல் செல்லுக்குள்ளும் உடல் முழுவதற்குமான மரபணுக்கள் உண்டு. ஆனால் தோலுக்கு வேண்டாதவை பூட்டப்பட்டிருக்கும். டி.என்.ஏ. மீது ஒட்டிய மெத்தில் குறிகளும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதான குறிகளும்தான் பூட்டுகள். கருமுட்டை இவற்றை அழித்து, செல்லை மறுபடி கருநிலைக்குத் திருப்ப வேண்டும். விந்தணு உருவாகும்போது இந்த வேலைக்கான தயாரிப்பு முன்கூட்டியே நடந்துவிடுகிறது. தோல் செல்லோ எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்து நிற்கிறது. கருவின் சொந்த மரபணுக்கள் விழித்துக்கொள்ளும் நேரத்துக்குள், அதாவது மாட்டில் 8 முதல் 16 செல் நிலைக்குள், அழிப்பு வேலை முடிந்தாக வேண்டும். பெரும்பாலும் அரைகுறையாகத்தான் முடிகிறது.

அழிக்கக் கூடாத குறிகளும் உண்டு. சில மரபணுக்கள் தாய்வழிப் பிரதியில் மட்டும், அல்லது தந்தைவழிப் பிரதியில் மட்டும் இயங்கும்படி குறியிடப்பட்டவை. கருவின் வளர்ச்சி வேகமும் நஞ்சுக்கொடியும் இவற்றின் பிடியில்தான் இருக்கின்றன. இக்குறிகள் கலைந்தால் முதலில் கெடுவது நஞ்சுக்கொடி. மாட்டுக் குளோன்களில் 30 முதல் 90 நாளுக்குள் இவ்வளவு சினை கலைவதற்குக் காரணம் அதுதான்.

பூட்டைத் திறக்க உதவும் வழிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. 2018இல் அறிவிக்கப்பட்ட இரண்டு குளோன் குரங்குகளுக்கு ட்ரைக்கோஸ்டாட்டின் ஏ என்ற மருந்தும், ஹிஸ்டோன் குறியை நீக்கும் ஒரு நொதியும் பயன்பட்டன. அப்படியும் 21 வாடகைத் தாய்க் குரங்குகளுக்கு 79 கருக்கள் வைத்து, நிலைத்தவை இரண்டே.

5. கரு போனால் போகட்டும், வாடகைத் தாய்க்கு என்ன ஆபத்து?

மாட்டின் நஞ்சுக்கொடி கருப்பையோடு பொத்தான் பொத்தானாகப் பல இடங்களில் ஒட்டும். இயல்பான சினையில் 70 முதல் 120 வரை இருக்கும். குளோன் சினையில் எண்ணிக்கை குறைந்து, இருப்பவை பெருத்து, நீர் கோத்து நிற்கும். கடைசி மூன்று மாதத்தில் வரும் நீர்க்கோவை இதன் விளைவு. பத்துப் பதினைந்து லிட்டர் இருக்க வேண்டிய கருப்பை நீர் 100 லிட்டரைத் தாண்டிவிடும். சில நாளிலேயே வயிறு இருபுறமும் உருண்டு பீப்பாய் போலாகும். தாய் தீனியைக் குறைக்கும், மூச்சு வாங்கும், படுத்தால் எழ முடியாது.

இந்த நிலையில் நீரை ஒரேயடியாக வெளியேற்றினால் இரத்த அழுத்தம் சரிந்து மாடு அதிர்ச்சியில் சாகும். நாளத்தில் நீர்மம் ஏற்றிக்கொண்டே மெல்ல வடிக்க வேண்டும். முற்றிவிட்டால் கன்றை விட்டுவிட்டுத் தாயைக் காப்பாற்றுவதே மருத்துவரின் முதல் கடமை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஆறாவது மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை வயிற்றுச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதிவைப்பது ஸ்கேனுக்கு அடுத்த சிறந்த வழி.

நாய், பூனை, குதிரைகளில் நீர்க்கோவை அரிது. அங்கே தாய்க்கு நேரும் சுமை அறுவைச் சிகிச்சைதான். நாயின் கருமுட்டை உடலுக்குள்தான் நன்றாக முதிரும் என்பதால் முட்டை எடுக்க ஒருமுறை, கரு வைக்க ஒருமுறை என வெவ்வேறு நாய்கள் கத்திக்கு உட்படுகின்றன. விளம்பரங்களில் இந்த நாய்களைப் பார்க்க முடியாது.

6. குளோன் கன்று மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகப் பிறக்கிறது?

40 கிலோ இருக்க வேண்டிய கன்று 60 கிலோவுக்கு மேல் வரும். பெருங்கன்றுக் கோளாறு என்று சொல்லலாம். 4ஆம் விடையில் சொன்ன ஒருபக்கக் குறி கலைவதுதான் காரணம். வளர்ச்சியைத் தூண்டும் காரணியைக் கட்டுப்படுத்தும் ஏற்பி மரபணு சரியாக இயங்காதபோது கரு கட்டுக்கடங்காமல் வளர்கிறது. கன்றின் நாக்கு தடித்து, தொப்புள்கொடி பருத்து, கல்லீரலும் இதயமும் அளவு மீறி இருக்கும். பெரிய கன்று என்றால் திடமான கன்று என்று நினைத்துவிடக் கூடாது.

இது குளோனுக்கு மட்டும் உரியதல்ல. சோதனைக்குழாய்க் கருக்களிலும் வரும், குறிப்பாக வளர்ப்பு ஊடகத்தில் இரத்தச் சீரம் சேர்த்தால். சீரம் இல்லாத ஊடகங்களுக்கு மாறிய பிறகு அங்கே குறைந்தது. குளோனில் முழுக்க விடவில்லை. இனத்துக்கு இனம் வேறுபாடும் உண்டு. மாட்டிலும் செம்மறியிலும் அதிகம், வெள்ளாட்டில் அரிது. பன்றிக் குளோன்கள் இதற்கு நேர்மாறாகப் பெரும்பாலும் சிறுத்துப் பிறக்கும்.

7. கன்று உயிரோடு வெளியே வந்துவிட்டது. முதல் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. இயல்பாக ஈற்றுவலியைத் தொடங்கிவைப்பது கன்றின் உடலிலிருந்து வரும் சைகை. குளோன் சினையில் அது பல சமயம் வருவதே இல்லை. நாள் தள்ளிக்கொண்டே போய் கன்று உள்ளேயே மேலும் பெருக்கும். அதனால் தேதியை எண்ணி, திட்டமிட்ட சிசேரியன் செய்வது வழக்கம். அதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் போடுவார்கள். கன்றின் நுரையீரல் பக்குவப்பட அது உதவும். ஊசி போடாமல் அவசரமாகக் கிழித்து எடுத்த கன்று பார்க்க முழுசாக இருக்கும். நுரையீரல் மட்டும் விரியாது.

வெளியே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொப்புள். சாதாரணக் கன்றில் கொடி அறுந்ததும் தமனிகள் உள்ளே சுருங்கி மூடிக்கொள்ளும். குளோன் கன்றின் பருத்த தமனிகள் சுருங்காமல் வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஈறு வெளுத்துக்கொண்டே வரும். அதனால் கொடியைத் தானாக அறுபட விடாமல், கவ்வி போட்டுக் கட்டிய பிறகே வெட்ட வேண்டும். தொப்புளை அயோடினில் தோய்ப்பதும் நாள் தவறாமல் தொட்டுப் பார்ப்பதும் முதல் இரண்டு வாரத்துக்குத் தொடர வேண்டும், ஏனென்றால் சீழ் பிடிப்பதும் இங்கேதான் அதிகம்.

அடுத்தது மூச்சு. மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் கொடுத்து, கன்றை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பக்கவாட்டில் கிடந்தால் கீழே அமுங்கிய நுரையீரல் வேலை செய்யாது. உடல்வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகிறதா, இரத்தச் சர்க்கரை இறங்குகிறதா என்று முதல் நாள் சில மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். சிசேரியன் செய்த தாயிடம் உடனே சீம்பால் சுரக்காமல் போகலாம், எனவே உறைய வைத்த சீம்பால் கைவசம் இருக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் ஆறு மணி நேரத்துக்குள். தடித்த நாக்கால் உறிஞ்ச முடியாவிட்டால் வயிற்றுக் குழாய்தான். அதையும் கன்று மூச்சுத் திணறும்போது செலுத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு சீரான பிறகுதான்.

முன்னங்காலின் தசைநாண் சுருங்கி, குளம்பு பின்னோக்கி மடங்கி நிற்பது குளோன் கன்றிலும் குதிரைக் குட்டியிலும் அடிக்கடி காணப்படும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்தப் பட்டியலிலேயே எளிதில் சரியாவது இதுதான். கட்டை வைத்துக் கட்டினால் பெரும்பாலும் சில வாரத்தில் நிமிர்ந்துவிடும்.

8. ஒரு மாதம் தாண்டினால் தப்பித்ததாக எண்ணலாமா?

பாதிதான் தப்பித்ததாக எண்ணலாம். முதல் வாரம் மிகக் கடினம், பிறகு சில மாதங்களுக்கு ஆபத்து மெல்ல வடியும். பிரான்சில் ஒரு குளோன் கன்று ஒன்றரை மாதம் நன்றாக வளர்ந்து, 51ஆம் நாள் கடும் இரத்தசோகையில் இறந்ததாக 1999இல் அறிவித்தார்கள். அறுத்துப் பார்த்தபோது தைமஸ் சுரப்பி, மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் நோயை எதிர்க்கும் நிணநீர்த் திசு சரியாக உருவாகவே இல்லை. ஆகவே முதல் ஆறு மாதத்தில் வரும் காய்ச்சலை ‘சாதாரணச் சளி’ என்று விடக்கூடாது. ஆறு மாதத்தைத் தாண்டி, எடை ஏற்றமும் இரத்த எண்ணிக்கையும் இயல்பாக இருக்கும் குளோன் மாட்டை மற்ற மாடுகளிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

9. வயசான விலங்கின் செல்லில் எடுத்தால் குட்டி பிறக்கும்போதே கிழடுதானே?

இந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. குரோமோசோம்களின் முனைத் தொப்பிகளான டீலோமியர்கள் செல் பிரியப் பிரியக் குறுகும். டாலியின் செல் கொடுத்த ஆட்டுக்கு வயது ஆறு. டாலியின் டீலோமியர்கள் அதன் வயதுக்குக் குறைவாக இருந்ததாக 1999இல் செய்தி வந்தது. ஆனால் அடுத்த ஆண்டே குளோன் மாடுகளில் டீலோமியர்கள் இயல்பைவிட நீளமாகவே இருப்பதாகக் கண்டார்கள். பெரும்பாலான இனங்களில் கருநிலையிலேயே அந்த நீளம் திரும்பப் பெறப்படுகிறது. ஜப்பானில் வாகாயாமா குழு ஒரு எலியை 25 தலைமுறை வரை குளோனிலிருந்து குளோனாக எடுத்து, 2013இல் அறிவித்தது. ஆயுளும் டீலோமியரும் குறையவில்லை.

வயதான செல்லில் உண்மையான சிக்கல் வேறு. வெயிலும் காலமும் ஏற்படுத்திய எழுத்துப் பிழைகள் டி.என்.ஏ.யில் சேர்ந்திருக்கும். ஒரு தோல் செல்லின் பிழை அந்தச் செல்லோடு போய்விடும். அதே செல்லிலிருந்து குளோன் எடுத்தால் முழு உடலுக்கும் போகும். இளம் விலங்கின், வெயில்படாத இடத்துத் தோலைக் கேட்பது இதனால்தான்.

10. குளோனுக்குப் பிறக்கும் குட்டிக்கும் இந்தக் குறைகள் வருமா?

வராது. குறை இருப்பது எழுத்தில் அல்ல, எழுத்தின் மேல் போட்ட குறியில். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது குறிகள் புதிதாக இடப்படுகின்றன. அழகான சான்று எலிகளிடம் கிடைத்தது: குளோன் எலிகள் பருத்துப்போயின, அவற்றை இயல்பாக இணைசேர்த்துப் பிறந்த குட்டிகள் ஒல்லியாகவே இருந்தன. டாலியும் இயல்பான முறையில் ஆறு குட்டிகள் ஈன்றது. 9ஆம் விடையில் சொன்ன எழுத்துப் பிழைகள் மட்டும் விதிவிலக்கு. அவை வழக்கமான மரபுவிதிப்படி இறங்கும்.

11. குளோன் மாட்டின் பால் குடித்தால், இறைச்சி தின்றால் எனக்கு ஏதாவது ஆகுமா?

குளோன் என்ற காரணத்தால் ஆகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டில் மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் குளோன்களிலிருந்து வரும் உணவு மற்ற விலங்குகளின் உணவுக்கு நிகரானது என்றது. செம்மறிக்குப் போதுமான தரவு இல்லை என்று அதைத் தனியே விட்டது. பாலில் கொழுப்பு, புரதம், தாதுக்கள், இறைச்சியில் அமினோ அமிலங்கள் என ஒவ்வொன்றாக ஒப்பிட்டே இந்த முடிவு. மெத்தில் குறியோ டி.என்.ஏ.வோ வயிற்றில் செரிந்துவிடும். உண்பவரின் செல்லுக்குள் போய்ப் பூட்டு மாற்றுவதில்லை.

மறைமுக ஆபத்து ஒன்றைச் சொல்லலாம். 7, 8ஆம் விடைகளில் பார்த்தபடி இளம் குளோன்களுக்கு ஆன்டிபயாடிக் அதிகம் செலவாகும். மருந்து உடலை விட்டு நீங்கும் காலத்துக்கு முன் அறுத்தால் எச்சம் இருக்கும். இது நோயுற்ற எந்தக் கன்றுக்கும் பொருந்தும். மேலும் குளோன் என்பது விலையுயர்ந்த இனப்பெருக்க விலங்கு. சந்தைக்கு வருவது பெரும்பாலும் அதன் வழிவந்த குட்டிகள்தான்.

12. உணவு பாதுகாப்பானது என்றால் ஐரோப்பா ஏன் எதிர்க்கிறது?

உணவுக்காக அல்ல, விலங்குக்காக. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2008இல் உணவில் வேறுபாடு இல்லை என்றே சொன்னது. கூடவே, குளோன்களில் கணிசமானவை கடுமையாக, பல சமயம் உயிர்போகும் அளவுக்குப் பாதிக்கப்படுகின்றன என்றும் எழுதியது. 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பண்ணை விலங்குக் குளோனிங்கைத் தடைசெய்ய வாக்களித்தது. செய்தித் தலைப்புகளில் இது ‘குளோன் உணவு ஆபத்து’ என்று சுருங்கிவிட்டது. குழப்பத்தின் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

13. குளோனும் மரபணு மாற்றமும் ஒன்றுதானா? பன்றி இதயம் வைத்தவருக்கு வைரஸ் வந்ததாமே?

ஒன்றல்ல. வெறும் குளோனில் எந்த மரபணுவும் மாற்றப்படுவதில்லை. ஆனால் ஒரு செல்லில் மரபணுக்களை மாற்றி, அதிலிருந்து முழு விலங்கை உருவாக்கக் குளோனிங்தான் வழி என்பதால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். மனிதருக்கு உறுப்பு தரும் பன்றிகள் அப்படிப்பட்டவை.

2022 ஜனவரியில் அமெரிக்காவில் பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தைப் பெற்றவர் இரண்டு மாதத்தில் இறந்தார். அந்த இதயத்தில் பன்றிகளுக்கு உரிய சைட்டோமெகலோ வைரஸ் இருந்தது பின்னர் தெரிந்தது. அது குளோனிங் உண்டாக்கியதல்ல. பண்ணைத் தொற்று, சோதனையில் தப்பியது. பன்றியின் டி.என்.ஏ.யிலேயே பதிந்திருக்கும் ரெட்ரோவைரஸ்கள் வேறு வகை. அவற்றை எவ்வளவு சுத்தமான கொட்டிலில் வளர்த்தும் நீக்க முடியாது. 2017இல் ஒரு குழு 25 பிரதிகளையும் கத்தரித்து முடக்கிய செல்களிலிருந்து பன்றிக்குட்டிகளைக் குளோன் செய்தது. குளோனிங் இல்லாமல் அது நடந்திருக்காது.

14. எல்லாம் ஒரே அச்சு என்றால் ஒரு நோயில் மந்தையே போய்விடாதா?

போகலாம். ஒரு விலங்கு குறிப்பிட்ட கிருமிக்குத் தோற்றால் அதன் குளோன்களும் தோற்க வாய்ப்பு அதிகம். ஒரு மந்தையில் ஒரே மூலத்தின் குளோன்களை நிரப்புவது முட்டாள்தனம். இரண்டு மூன்று பொலிகாளைகளைக் குளோன் செய்து பல வகைப் பசுக்களோடு சேர்ப்பதில் அந்த ஆபத்து வராது. ஆனால் ஒரே காளையின் விந்தை ஊரெங்கும் பரப்பும் செயற்கைக் கருவூட்டலும் பல பத்தாண்டுகளாக இதே திசையில்தான் போகிறது.

15. என் நாய் இறந்துவிட்டது. குளோன் செய்தால் அதே நாய் கிடைக்குமா, ஆரோக்கியமாக இருக்குமா?

அதே நாய் கிடைக்காது. முதல் குளோன் பூனையான சிசி 2001 டிசம்பரில் பிறந்தது. அதன் மூலமான ரெயின்போ மூன்று நிறப் பூனை. சிசியிடம் ஆரஞ்சு நிறமே இல்லை. அந்த நிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்திருக்கும். எது அணைந்திருக்கிறது என்ற குறி, மூலச் செல்லிலிருந்து அழியாமல் வந்துவிட்டது. 4ஆம் விடையில் சொன்னதைக் கண்ணால் காண இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிசி குட்டி போட்டு, 18 வயது வாழ்ந்தது.

உயிரோடு உங்கள் கைக்கு வந்து சேரும் குட்டி பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருக்கும், ஏனென்றால் மற்றவை அதற்குமுன் போய்விட்டன. மூல நாய்க்கு இடுப்பெலும்புக் கோளாறோ பரம்பரைக் கண்நோயோ இருந்தால் அதுவும் கூடவே வரும். ஸ்னப்பியும் அதன் மூலமும் புற்றுநோயிலேயே இறந்தன. இறந்த நாயின் செல்லைச் சேமிப்பதாக இருந்தால் உடலை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறையவிடாதீர்கள், பாதுகாப்பு ரசாயனம் இல்லாமல் உறைந்தால் பனிப்படிகம் செல்லைக் கிழிக்கும். சில நாளுக்குள் தோல் மாதிரி எடுத்தாக வேண்டும்.

16. அழிந்த இனத்தை மீட்கும்போது இந்த ஆபத்துகள் கூடுமா குறையுமா?

கூடும். அழிந்துபோன பிரனீஸ் மலையாட்டின் குளோன் 2003இல் ஸ்பெயினில் பிறந்து, நுரையீரல் குறையால் சில நிமிடத்தில் இறந்தது. 2001இல் பசுவின் வயிற்றில் பிறந்த நோவா என்ற காட்டெருமைக் கன்று இரண்டு நாளில் வயிற்றுக்கடுப்பில் போனது. வேற்றினக் கருமுட்டையில், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான அதன் மைட்டோகாண்ட்ரியாவும் தங்கிவிடுவதால் கருவுக்கும் அதற்கும் ஒத்துப்போக வேண்டும். வேற்றினத் தாயின் கருப்பையோடு நஞ்சுக்கொடியும் ஒத்துப்போக வேண்டும்.

நெருங்கிய இனமாக இருந்தால் நடக்கிறது. 1988இல் உறையவைத்த செல்லிலிருந்து, கீரி போன்ற அருகிவரும் விலங்கான கருங்கால் ஃபெரெட் ஒன்று 2020இல் பிறந்தது, வீட்டு ஃபெரெட்டின் வயிற்றில். கருப்பைக் கோளாறால் அதனால் குட்டி ஈன முடியவில்லை. பின்னர் அதே செல்லிலிருந்து வந்த அன்டோனியா 2024இல் ஈன்றது.

17. குளோன் விலங்கை வாங்கும்போது எந்தத் தாள்களைக் கேட்க வேண்டும்?

மூல விலங்கோடு டி.என்.ஏ. ஒப்பீட்டுச் சான்று எல்லோரும் தருவார்கள். அது அடையாளத்துக்குத்தான், ஆரோக்கியத்துக்கு அல்ல. கேட்க வேண்டியவை வேறு: பிறந்தபோது எடை, சிசேரியனா இயல்பான ஈற்றா, முதல் வாரத்தில் ஆக்சிஜனும் மருந்துகளும் எவ்வளவு, தொப்புளில் அறுவை நடந்ததா, செல் வளர்ப்பில் குரோமோசோம் எண்ணிக்கை சோதிக்கப்பட்டதா. ஆறு மாதத்துக்குப் பிந்தைய இதய ஒலி ஸ்கேனும் முழு இரத்தப் பரிசோதனையும் வேண்டும். அதே செல் தொகுப்பிலிருந்து பிறந்த மற்றக் குட்டிகள் எத்தனை, அவை இப்போது எங்கே என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தராதவரிடம் வாங்க வேண்டாம்.